நீண்டு மீளும் மின்சுற்று: தோல்மேல் அணியும் கருவிகளின் வரலாறும் அவற்றுக்கான சொற்களும்

முன்னுரை

சில ஆண்டுகளுக்கு முன் நம் சின்னம்மாவின் இடமார்பில், காறை எலும்புக்குச் சற்றுக் கீழே, உள்ளங்கையளவுகூட இல்லாத ஒரு பட்டையை ஒட்டி மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பினர். அவ்வப்போது தாளம் தவறும் இதயத்தைப் பதினான்கு நாள் இடைவிடாது பதிவு செய்வது அதன் பணி. மூன்றாம் நாள் நாம் பார்க்கச் சென்றபோது மார்பில் பட்டை இல்லை. கேட்டதற்கு, “அந்தப் பிளாஸ்டர் ஒன்றுக்கும் ஆகவில்லை, தம்பி. படபடப்பு அப்படியேதான் இருக்கிறது. மருந்து தீர்ந்திருக்கும் என்று குளிக்கும்போது பிய்த்துப் போட்டுவிட்டேன்” என்றார். வலிக்கு ஒட்டும் மருந்துப் பட்டையையே வாழ்நாளெல்லாம் கண்டவர் அவர். தோலில் ஒட்டப்படும் எதுவும் மருந்தாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணியதில் வியப்பில்லை.

அவர் கையில் தமிழில் அச்சிட்ட தாள் ஒன்றும் இருந்தது. ‘இதய மின்னியக்கத் தொடர்பதிவுக் கருவி’ என்று அதில் எழுதியிருந்தது. பிழையற்ற தமிழ்தான். சின்னம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவும் தெரியும். ஆயினும் அத்தொடர் அவருக்கு எதையும் உணர்த்தவில்லை. அத்தகைய தொடர்களை ஆக்கும் குழுக்களில் நாமும் அமர்ந்திருக்கிறோம். ஆகவே பட்டையைப் பிய்த்த கையைக் குறைகூற நமக்கு வாய் எழவில்லை.

இந்த நிகழ்ச்சியே இவ்வுரைக்குத் தூண்டுதல். தோல்மேல் அணியும் மின்கருவிகள் எவ்வாறு தோன்றின, கடினமாக இருந்த மின்சுற்று எவ்வாறு தோலைப்போல் நீளவும் மீளவும் கற்றது என்பதை முதலில் காண்போம். பொருளின் வரலாறு தெளிந்தால்தான் அதற்குரிய சொல் எது என்று ஆராய இயலும். அதனை உரையின் இறுதிப் பகுதியில் எடுத்துக்கொள்வோம்.

1. உப்புநீர்த் தொட்டியிலிருந்து தோள்சுமை வரை

இதயத்தின் மின்னோட்டத்தைத் தோலின் வழியே தெளிவாக அளந்தவர் வில்லம் ஐந்தோவன். இவர் 1860ஆம் ஆண்டில் நமக்கு அண்டையிலுள்ள சாவகத் தீவின் செமாராங் நகரில் பிறந்தவர். தந்தையின் மறைவுக்குப் பின் குடும்பம் நெதர்லாந்துக்குத் திரும்பியது. லைடன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இழைக் கால்வனோமானியை அவர் உருவாக்கினார். காந்தப் புலத்தினிடையே கட்டிய மிக மெல்லிய இழை, இதயத்திலிருந்து வரும் மின்னோட்டத்துக்கேற்ப அசையும். அந்த அசைவின் நிழல் படமாகப் பதியும். கருவியின் எடை ஏறத்தாழ 270 கிலோகிராம். அதனை இயக்க ஐவர் வேண்டியிருந்தது. நோயாளி தம் இரு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர் நிறைந்த கலங்களில் அமிழ்த்தியபடி அமர்ந்திருப்பார். அந்த உப்புநீரே தோலுக்கும் கருவிக்கும் இடைப்பட்ட பாலம். இப்பணிக்காக ஐந்தோவனுக்கு 1924ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது.

இங்கே நாம் கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. நோயாளி கருவியிடம் வந்து அசையாது அமர வேண்டியிருந்தது. வாழ்வின் இயல்பான அசைவுகளுக்கிடையே இதயம் என்ன செய்கிறது என்பதை அறிய வழியில்லை. இக்குறையை நீக்க முயன்றவர் அமெரிக்காவின் மொண்டானா மாநிலத்தைச் சேர்ந்த நார்மன் ஹோல்ட்டர். 1940களின் இறுதியில் அவர் அமைத்த முதல் கருவியை முதுகில் சுமந்தே நடக்க வேண்டும். அதன் எடை ஏறத்தாழ 38 கிலோகிராம். டிரான்சிஸ்டர் வந்த பின்னர் அது படிப்படியாகச் சுருங்கி இடுப்பில் கட்டும் அளவுக்கு வந்தது. 1961ஆம் ஆண்டில் அவர் தம் முறையை அறிவியல் உலகுக்கு விரிவாக அறிவித்தார். இன்றும் மருத்துவமனைகளில் அவர் பெயராலேயே அக்கருவியைச் சுட்டுகின்றனர்.

கருவி சுருங்கியது, ஆனால் தோலைத் தொடும் இடம் பெரிதும் மாறவில்லை. உப்புநீர்க் கலத்தின் இடத்தில் உப்புக் கூழ் தடவிய வெள்ளி மின்வாய் வந்தது. அதைப் பிடித்துவைக்கப் பசையும், கருவியோடு இணைக்கக் கம்பியும் வந்தன. அசைந்தால் கம்பி இழுக்கும். கம்பி இழுத்தால் அளவு பிழைபடும். வியர்த்தால் பசை விடும். பசையைப் பிரித்தால் முதியவரின் தோலும் குறைமாதக் குழந்தையின் தோலும் உடன் உரிந்து வரும். நூறாண்டு முன்னேற்றத்துக்குப் பிறகும் தோலின் ஓரத்தில் வந்து நின்றுவிட்ட சிக்கல் இது.

2. கல்லும் தோலும்

இச்சிக்கலின் வேர் பொருள்களின் இயல்பில் இருக்கிறது. 1947ஆம் ஆண்டில் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. 1958, 1959ஆம் ஆண்டுகளில் ஒருங்கிணைந்த மின்சுற்று உருவாயிற்று. அது முதல் மின்னணுவியல் என்பது பெரும்பாலும் சிலிக்கன் படிகத்தின் மீது எழுதப்படும் கலையாகவே வளர்ந்தது. சிலிக்கனோ கல்லின் இனம். அதன் நீளத்தில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்கு இழுத்தாலே விரிசல் காணும். மனிதத் தோலோ முழங்கையை மடக்கும்போதும் முகம் மலரும்போதும் நூற்றுக்கு முப்பது பங்கு அளவுக்குக்கூட நீண்டு, பின் பழைய நிலைக்கு மீள்கிறது. விறைப்புத்தன்மையை ஒப்பிட்டால் சிலிக்கன் மேற்றோலைவிடப் பல இலட்சம் மடங்கு விறைப்பானது.

இவ்விரண்டையும் ஒட்டவைத்தால் என்ன நேரும்? தோல் நீளும், கருவி நீளாது. இரண்டுக்கும் இடையில் உரசலும் இடைவெளியும் தோன்றும். மிக மெல்லிய உடல்மின் குறிகளை அளக்கும் கருவிக்கு அந்த இடைவெளியே இரைச்சலாகிவிடும். ஆகவே ‘இன்னும் சிறிய கருவி’ என்பது தீர்வாகாது என்பதும், ‘தோலைப்போல் இயங்கும் கருவி’ வேண்டும் என்பதும் மெல்ல மெல்லப் புலனாயின.

3. வளைவது வேறு, நீள்வது வேறு

முதலில் தோன்றிய விடை வளையும் மின்சுற்று. எப்பொருளும் போதிய அளவு மெல்லியதானால் வளையும். கண்ணாடியும் இழையாக நீட்டினால் வளைவதைக் காண்கிறோம். 1977ஆம் ஆண்டில் ஆலன் ஹீகர், ஆலன் மெக்டையர்மிட், ஹிடெகி ஷிரகாவா ஆகியோர் மின்கடத்தும் பாலிமர்களைப் பற்றிய தம் கண்டுபிடிப்பை வெளியிட்டனர். பிளாஸ்டிக் இனத்தைச் சேர்ந்த பொருளும் மின்சாரத்தைக் கடத்தும் என்று நிறுவிய இப்பணி 2000ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றது. இதனையொட்டி மெல்லிய தாள்களில் மின்சுற்றை அச்சிடும் முயற்சிகள் பெருகின.

எனினும் வளைதல் போதாது. ஒரு தாளை உருளைமேல் சுற்றலாம். எலுமிச்சம்பழத்தின்மேல் சுருக்கமின்றிச் சுற்ற இயலாது. தட்டையான பரப்பை நீட்டாமலும் சுருக்காமலும் கோளத்தின்மேல் படிய வைக்க முடியாது என்பதைக் கணித அறிஞர் காஸ் 1827ஆம் ஆண்டிலேயே நிறுவியிருந்தார். நம் உடலோ கன்னம், தோள், முழங்கை, குதிகால் என எங்கும் இருபுறமும் வளைந்த பரப்புகளால் ஆனது. அப்பரப்புகளும் ஓய்வின்றி மாறிக்கொண்டிருப்பவை. எனவே தோலில் படிய வேண்டிய மின்சுற்று வளைந்தால் மட்டும் போதாது, நீள வேண்டும், நீண்டபின் மீளவும் வேண்டும்.

இத்தேவையைப் பழைய மருத்துவக் கருவி ஒன்று முன்பே ஒருவாறு நிறைவேற்றியிருந்தது என்பதை வரலாற்றை எழுதுவோர் பலர் மறந்துவிடுகின்றனர். பிரித்தானிய உடலியலாளர் விட்னி, மெல்லிய ரப்பர்க் குழாயில் பாதரசத்தை நிரப்பி, அதனைக் கை அல்லது காலைச் சுற்றிக் கட்டி, இரத்தம் நிறைவதால் உறுப்பு பருப்பதை அளந்தார். குழாய் நீண்டால் உள்ளிருக்கும் பாதரசத் தாரை நீண்டு மெலியும்; அதன் மின்தடை கூடும். அத்தடையே அளவு. 1953ஆம் ஆண்டில் அவர் இம்முறையை விரிவாக வெளியிட்டார். உலக ரப்பர் விளைச்சலில் மலாயா முன்வரிசையில் நின்ற காலம் அது. பாதரசம் நச்சுத்தன்மை உடையதாதலால் இவ்வழி பெரிதாக வளரவில்லை. ஆயினும் நீளும் மின்கடத்தியைத் தோல்மேல் அணியலாம் என்பது அன்றே மெய்ப்பிக்கப்பட்டது.

4. கொசுவத்தின் தத்துவம்

அடுத்த திருப்பம் 1998ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் வைட்சைட்ஸ் தலைமையிலான குழுவினர், சூடாக்கிய சிலிக்கோன் ரப்பரின்மேல் மிக மெல்லிய உலோகப் படலத்தைப் படியச் செய்தனர். குளிர்ந்தபோது ரப்பர் சுருங்கியது. மேலிருந்த படலம் தானாகவே ஒழுங்கான அலைகளாக மடிந்தது. அம்மடிப்புகளின் இடைவெளி 20 முதல் 50 மைக்ரோமீட்டர் வரை இருந்தது. 2003ஆம் ஆண்டில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஸ்டெபானி லகூரும் சிகர்ட் வாக்னரும் ரப்பர்மேல் படிந்த பொற்படலம் இழுக்கப்பட்ட பின்னும், தனிப்பொன் முறியும் எல்லையைக் கடந்த பின்னும், மின்சாரத்தைக் கடத்துவதைக் காட்டினர்.

2006ஆம் ஆண்டில் இலினாய் பல்கலைக்கழகத்தின் ஜான் ரோஜர்ஸ் குழுவினர் இதே வழியைச் சிலிக்கனுக்குப் பொருத்தினர். முறை எளியது. முதலில் ரப்பர்த் தாளை இழுத்துப் பிடிக்க வேண்டும். மயிரின் தடிமனில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான சிலிக்கன் நாடாக்களை அதன்மேல் ஒட்ட வேண்டும். பின்னர் ரப்பரை விட்டுவிட வேண்டும். ரப்பர் சுருங்கும்போது சிலிக்கன் நாடா உடையாமல் அலையலையாக மடிந்து நிற்கும். மறுபடி இழுத்தால் அலை விரியும், விட்டால் மடியும்.

சேலை கட்டுவோர் அனைவரும் இத்தத்துவத்தை அறிவர். பட்டுத்துணி நீளாது, ஆயினும் கொசுவம் வைத்துக் கட்டியதால் நடக்கவும் படியேறவும் இடம் கொடுக்கிறது. நீளாத பொருளுக்கு நீளும் வடிவம் தருவதே கொசுவத்தின் வேலை. ரோஜர்சும் அவருடன் பணியாற்றிய எந்திரவியல் அறிஞர் யோங்காங் ஹுவாங்கும் செய்தது இதுவே. எவ்வளவு தடிமன் இருந்தால் எத்தனை அலை தோன்றும், எந்த எல்லையில் முறியும் என்பதையெல்லாம் கணக்கிட்டுக் காட்டினர். பின்னர் அலைகளுக்குத் துணையாகப் பாம்பு நெளிவதுபோன்ற வடிவுடைய கம்பிகளும் வந்தன. கடினமான சில்லுகள் சிறு தீவுகளாக அங்கங்கே நிற்கும். நெளிந்த கம்பிகள் அவற்றை இணைத்து, நீட்சி முழுவதையும் தாமே ஏற்றுக்கொள்ளும்.

5. மேற்றோல் மின்னணுவியல்

இம்முயற்சிகள் ஒருங்குசேர்ந்து 2011ஆம் ஆண்டில் ஒரு புதுப்பொருளாயின. டே-ஹியோங் கிம் முதலாசிரியராக அமைந்த ஆய்வுரையில் ரோஜர்சும் அவர்தம் குழுவினரும் ‘மேற்றோல் மின்னணுவியல்’ என்னும் பெயரை முன்வைத்தனர். ஏறத்தாழ 30 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள அக்கருவி, தடிமனிலும் விறைப்பிலும் எடையிலும் மேற்றோலுக்கு ஒத்ததாக அமைக்கப்பட்டது. சிறுவர்கள் கையில் ஒட்டிக்கொள்ளும் தற்காலிகப் பச்சைப்படம்போல், நீரில் கரையும் தாளில் வைத்துத் தோல்மேல் அழுத்தி, நீர் தெளித்தால் தாள் கரையும்; மின்சுற்று தோலின் நுண்ணிய மேடுபள்ளங்களிலெல்லாம் படிந்துவிடும். தனியே பசை வேண்டியதில்லை. மூலக்கூறுகளுக்கிடையே இயல்பாக உள்ள மென்மையான ஈர்ப்பே அதனைப் பிடித்துக்கொள்ளும். பல்லி சுவரில் நிற்பதும் இத்தகைய ஈர்ப்பால்தான்.

மொழியியலாளரான நம்மை அவ்வாய்வுரையில் ஈர்த்த பகுதி வேறொன்று. அக்கருவியைத் தொண்டையில் ஒட்டி, பேசும்போது தசைகளில் எழும் மின்குறிகளை அவர்கள் பதிவு செய்தனர். மேலே, கீழே, இடம், வலம் என்று பொருள்படும் நான்கு ஆங்கிலச் சொற்களையும் ஒலியைக் கேளாமல் தசைமின்னைக் கொண்டே கணினி பிரித்தறிந்தது. அவ்வாறு பெட்டிகளை நகர்த்தும் ஒரு விளையாட்டையும் ஆடிக் காட்டினர். எழுத்துகளின் பிறப்பை நெஞ்சு, மிடறு, நா, இதழ் என உடலுறுப்புகளின் தொழிலாக விளக்குவது தொல்காப்பியம் முதலான நம் இலக்கண மரபு. மிடற்றில் ஒட்டிய படலம் ஒன்று சொல்லைத் தசையிலிருந்தே படிக்கும் காலம், அம்மரபில் பயின்றோர்க்கு அயலாகத் தோன்றாது. குரலை இழந்தோர்க்கு இந்நுட்பம் எதிர்காலத்தில் பயன்படுமாயின், தமிழ் பேசும் மிடறுகளின் பதிவுகளும் அதற்கு வேண்டும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் உள்ள நெடுமை வேறுபாட்டையும், லகர ளகர ழகரங்களையும் நான்கு ஆங்கிலச் சொற்கள் கற்பிக்கமாட்டா.

6. தோக்கியோவும் ஸ்டான்ஃபர்டும்

இலினாய் சென்ற வழி ஒன்றே வழியன்று. தோக்கியோ பல்கலைக்கழகத்தின் தக்காவோ சோமேயா, எந்திரமனிதனுக்குத் தொடுவுணர்வு தரும் செயற்கைத் தோலை நோக்கமாகக் கொண்டு தொடங்கினார். கரிமப் பொருளால் ஆன டிரான்சிஸ்டர்களைக் கொண்டு அழுத்தத்தை உணரும் விரிந்த பரப்பை அவர் குழு 2004ஆம் ஆண்டில் வெளியிட்டது. அடுத்த ஆண்டில் அதனை வலையாக வெட்டி, நீளச் செய்தது. 2013ஆம் ஆண்டில் அவரும் மார்ட்டின் கல்ட்டன்பிரன்னர் உள்ளிட்டோரும் ஒரு மைக்ரோமீட்டர் தடிமனுள்ள படலத்தில் மின்சுற்றை அமைத்தனர். ஒரு சதுர மீட்டர் படலத்தின் எடை 3 கிராம். அணிந்திருப்பதே தெரியாத கருவி அது.

ஆனால் அப்படலத்துக்கும் ஒரு குறை இருந்தது. தோல் வியர்க்கும், ஆவி வெளியேற வேண்டும். காற்றுப் புகாத படலத்தை நாள்கணக்கில் ஒட்டினால் அரிப்பும் வீக்கமும் தோன்றும். நம்மைப் போன்ற புழுக்கமான நாட்டில் வாழ்வோர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. 2017ஆம் ஆண்டில் சோமேயா குழுவினர் நீரில் கரையும் நுண்ணிழைகளின்மேல் பொன்னைப் படியச் செய்து, தோலில் வைத்தபின் இழைகளை நீரால் கரைத்து, பொன்வலை மட்டும் எஞ்சுமாறு அமைத்தனர். வலையின் கண்கள் வழியே தோல் மூச்சுவிடும். ஒரு வாரம் ஒட்டிவைத்த சோதனையில் தோல் அழற்சி பெரிதும் தவிர்க்கப்பட்டது.

ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழகத்தின் செனான் பாவ், கொசுவம் வைக்காமல் துணியையே நீளச் செய்ய முடியுமா என்று கேட்டார். கடத்தி, குறைகடத்தி, காப்புப்பொருள் ஆகிய மூன்றையும் தம்மியல்பாகவே நீளும் பாலிமர்களால் ஆக்குவது அவர் வழி. 2018ஆம் ஆண்டில் அவர் குழு ஒரு சதுர சென்டிமீட்டரில் 347 நீளும் டிரான்சிஸ்டர்களை அடுக்கிக் காட்டியது. சிலிக்கன் சில்லுகளோடு ஒப்பிட இது மிகச் சிறிய எண். ஆயினும் இழுத்தாலும் இயங்கும் பொருளில் அதனைச் செய்தது புதிது.

மூன்றாம் வழியும் உண்டு. அது பழைய பாதரசக் குழாயின் மறுபிறப்பு. காலியம் என்னும் உலோகம் உள்ளங்கைச் சூட்டில் உருகும். இண்டியத்தோடு கலந்தால் ஏறத்தாழ 15.5 பாகை செல்சியசிலேயே நீர்மமாகிவிடும். அதாவது நம் நாட்டின் எந்தப் பருவத்திலும் அது உறையாது. பாதரசத்தைப்போல் நச்சுத்தன்மையும் இல்லை. காற்றுப் பட்டவுடன் அதன்மேல் மெல்லிய ஆக்சைடு ஏடு படரும். அந்த ஏடு உள்ளிருக்கும் நீர்மத்தை வழியாமல் காக்கும். தோலுக்கான கருவியை ஆக்கும் உலோகத்துக்கே ஒரு தோல் இருக்கிறது. காலியத்தின் வரலாற்றில் மொழியியலார்க்கு மற்றொரு சுவையும் உண்டு. அது கண்டுபிடிக்கப்பட்டது 1875ஆம் ஆண்டில். ஆனால் அதற்கு முன்பே மெண்டலீவ் அதன் இடத்தை அட்டவணையில் ஒதுக்கி, ‘ஏக-அலுமினியம்’ என்று பெயரிட்டிருந்தார். ‘ஏக’ என்பது ஒன்றைக் குறிக்கும் வடசொல். உருசிய வேதியியலாளர் ஒருவர், இன்னும் காணாத பொருளுக்குப் பெயர்வைக்க இந்திய மொழியொன்றை நாடினார்.

7. சிங்கப்பூரின் பங்கு

இத்துறையில் சிங்கப்பூர் பார்வையாளராக மட்டும் இருக்கவில்லை. ஸ்டான்ஃபர்டில் செனான் பாவிடம் பயின்ற பெஞ்சமின் டீ, சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2019ஆம் ஆண்டில் செயற்கை நரம்பமைப்பு ஒன்றை வெளியிட்டார். மின்தோலில் நூற்றுக்கணக்கான உணரிகள் இருந்தால் அவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டறிவதற்குள் காலம் கடந்துவிடும். அவர் அமைப்பில் ஒவ்வோர் உணரியும் தனக்கெனக் குறித்த ஒரு துடிப்புக் குறியீட்டைக் கொண்டு ஒரே கடத்தியின் வழி ஒருங்கே பேசலாம். சந்தைக்கடை இரைச்சலிலும் தாயின் குரலைப் பிள்ளை பிரித்தறிவதுபோல், குறியீட்டைக் கொண்டு எவ்வுணரி பேசியது என்று அறியலாம். சில இணைப்புகள் அறுந்தாலும் எஞ்சியவை இயங்கும்.

நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் சென் சியாவ்டொங், இத்துறையினர் பலரும் தலைவலியாகக் கருதிய இணைப்பிடத்தை எடுத்துக்கொண்டார். மென்மையான பகுதியும் கடினமான பகுதியும் சந்திக்கும் இடத்தில்தான் நீளும் கருவிகள் பெரும்பாலும் முறிகின்றன. 2023ஆம் ஆண்டில் அவரும் பன்னாட்டுக் கூட்டாளர்களும் வெளியிட்ட இணைப்பு, பசையின்றி, பத்து நொடிக்குள் அழுத்தி ஒட்டவைக்கக்கூடியது. இழுத்தாலும் மின்தொடர்பு அறாதது. சொற்புணர்ச்சியைப் படித்தோர்க்கு இது புதிதன்று. சொற்கள் திரிவதும் கெடுவதும் அவை சந்திக்கும் இடத்தில்தானே.

8. யாருடைய தோல்?

நுட்பத்தின் வெற்றிகளை மட்டும் அடுக்குவது வரலாறாகாது. கருவி யாருக்குப் பயன்பட்டது, யாரைத் தவறவிட்டது என்பதும் கேட்கப்பட வேண்டும்.

பயன்பட்டதற்கு ஒரு சான்று: 2019ஆம் ஆண்டில் ரோஜர்ஸ் குழுவினர் சிகாகோ மருத்துவமனைகளில் குறைமாதக் குழந்தைகளுக்கு மார்பில் ஒன்றும் பாதத்தில் ஒன்றுமாக இரு மென்படலங்களைக் கம்பியின்றி ஒட்டி, இதயத்துடிப்பு, மூச்சு, வெப்பம், குருதியின் ஆக்சிஜன் அளவு ஆகியவற்றை அளந்தனர். கம்பிகள் இல்லாததால் தாய் குழந்தையைத் தன் மார்போடு அணைக்க முடிந்தது. அந்த அணைப்பே குழந்தைக்கு மருந்து என்பதை மருத்துவம் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

தவறவிட்டதற்கும் ஒரு சான்று: விரலில் ஒளியைச் செலுத்திக் குருதியின் ஆக்சிஜனை அளக்கும் கருவியின் தத்துவத்தை 1974ஆம் ஆண்டில் ஜப்பானின் தக்குவோ அவோயாகி அறிவித்தார். உலகெங்கும் பரவிய அக்கருவி, கருநிறத் தோலில் ஆக்சிஜன் குறைவதைப் பல வேளை காணத் தவறுகிறது என்பதை 2020ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வொன்று எண்ணிக்காட்டியது. கருவி போதிய ஆக்சிஜன் உண்டெனக் காட்டிய வேளைகளில், மறைந்திருந்த குறைபாடு கறுப்பின நோயாளிகளிடம் 11.7 விழுக்காடும் வெள்ளையர்களிடம் 3.6 விழுக்காடும் காணப்பட்டது. ஒளியால் அளக்கும் புதிய மென்படலங்களுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். நம்மவர் தோலின் நிறத்திலும், நம் நாட்டு வியர்வையிலும் சோதிக்கப்படாத கருவியை நம்மவர்க்கு ஏற்றதென்று எவ்வாறு கூறுவது? இக்கேள்வியைக் கேட்பதற்கும் மக்களுக்குத் தம் மொழியில் சொற்கள் வேண்டும்.

9. சொல்லைப் பற்றி

இனிச் சொல்லுக்கு வருவோம். இத்துறையில் மூன்று பண்புகள் உள்ளன: வளைதல், நீளுதல், மீளுதல். வரலாற்றில் அவை ஒன்றன்பின் ஒன்றாகவே கைவந்தன. ஆனால் தமிழில் எழுதுவோர் பலர் மூன்றையும் ‘நெகிழ்’ என்னும் ஒரே வேரால் குறித்துவிடுகின்றனர். இதில் இரண்டு இடர்கள் உள்ளன. ‘நெகிழி’ என்பது பிளாஸ்டிக்கைக் குறிக்கும் சொல்லாக ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டது. அன்றியும், சங்க இலக்கியத்தில் தலைவியின் கைவளை நெகிழ்கிறது என்றால் அது பிடிப்பு விட்டுக் கழல்கிறது என்று பொருள். தோலைப் பற்றியிருக்க வேண்டிய கருவி நெகிழ்வது அதன் தோல்வி.

‘நீள்’ தன்வினை, ‘நீட்டு’ பிறவினை. ‘நீட்டக்கூடிய’ என்றால் ஒருவர் வந்து இழுக்க வேண்டும் என்ற குறிப்பு எழுகிறது. தோலோடு தானும் நீள்வதே இக்கருவியின் பண்பாதலால் தன்வினையே பொருந்தும். நீண்டது அப்படியே நின்றுவிட்டால் அது பயனற்ற கயிறு, மீள வேண்டும். ஆங்கிலத்தின் ‘ஸ்ட்ரெச்சபிள்’ மீளுதலைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. தமிழில் ‘நீள்மீள் மின்னணுவியல்’ எனலாம். இரு வினையடிகளும் எதுகையில் இயைந்து, பொருளை முழுமையாகத் தருகின்றன. இது நம் பரிந்துரை மட்டுமே. வழக்கே தீர்ப்புச் சொல்லும்.

ஆய்வுரைக்கு இச்சொல் போதும். நோயாளியின் கையிலுள்ள தாளுக்குப் போதாது. அங்கே வேறு அளவுகோல் வேண்டும். மலாயாத் தோட்டங்களில் நம் முன்னோர் ரப்பர் மரத்தைக் கண்டபோது எந்தக் குழுவும் கூடவில்லை. வெட்டினால் பால் வடிந்தது, ‘பால்மரம்’ என்றனர். மலாய் அண்டைவீட்டார் ‘கெத்தா’ என்றதைக் கேட்டுக் ‘கித்தா’ என்றும் வழங்கினர். முன்னது கண்டதைச் சொன்ன சொல். பின்னது கேட்டதை ஏற்ற சொல். இரண்டும் எளியோர் நாவில் தலைமுறைகளாக வாழ்ந்தன. கலைச்சொல் ஆக்கும் நாம் அவர்களிடம் கற்க வேண்டியது இதுதான்: பொருள் என்ன செய்கிறது என்பதைச் சொல் முதலில் சொல்ல வேண்டும்.

முடிவுரை

சின்னம்மாவுக்கு மறுமுறை பட்டை ஒட்டியபோது நாமும் உடன் சென்றிருந்தோம். “இது மருந்து இல்லை, சின்னம்மா. இது உங்களுக்கு ஒன்றும் செய்யாது. நெஞ்சு எப்படி அடிக்கிறது என்று இரவும் பகலும் எழுதிவைக்கிற பட்டை. பதினான்கு நாள் எழுதி முடிந்தால்தான் மருத்துவர் படித்துப் பார்க்க முடியும்” என்றோம். “இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே, தம்பி” என்றார். பதினான்கு நாளும் பட்டை மார்பில் இருந்தது. பதிவில் கோளாறு தெரிந்தது. அதற்குரிய மருத்துவமும் கிடைத்தது.

அவர் அணிந்தது இன்னும் பழைய வகைப் பட்டைதான். பசையும் கடினச் சில்லும் கொண்டது. வருங்காலத்தில் வரவிருப்பவை தோலோடு தோலாய்ப் படிந்து, அணிந்திருப்பதே தெரியாதவையாக இருக்கும். கண்ணுக்கும் கைக்கும் தெரியாத கருவியை விளக்குவதற்குச் சொல்லைத் தவிர வேறு துணை இல்லை. ஆகவே இங்குள்ள ஆய்வகங்களில் பணிபுரியும் தமிழ் இளைஞர்களுக்கும், மொழிபெயர்ப்பாளர்களுக்கும், மொழி மன்றத்தாருக்கும் நாம் வைக்கும் வேண்டுகோள் ஒன்று. ஒவ்வொரு புதிய கருவிக்கும் இரண்டு தமிழ்ப் பெயர்களை ஆயத்தம் செய்யுங்கள்: அறிஞர் அவைக்கு ஒன்று, நோயாளியின் படுக்கையருகே ஒன்று. இரண்டாவதை அச்சுக்கு அனுப்புமுன், எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒரு மூதாட்டியிடம் படித்துக் காட்டி, அவர் என்ன புரிந்துகொண்டார் என்று கேட்டுவிடுங்கள்.